எண்ணிக்கை சரிதான் பேராண்டி, கூரை எங்க?

ஏண்டா பேராண்டி, நீ பேசி அனுப்பிச்ச சேதியை உன் தங்கச்சி ரெண்டு தடவை போட்டுக் காட்டுனா. “இந்த வருசம் எல் நினோ வருதாம் தாத்தா, புயல் கம்மியாத்தான் இருக்கும்னு கொலராடோக்காரங்க சொல்லிட்டாங்க, அதனால வெள்ள இன்சூரன்ஸை இந்தத் தடவை விட்டுரலாம்னு பாக்குறேன்.” ரொம்ப நல்ல யோசனை. உங்கப்பனும் அப்படித்தான். மழை இல்லேன்னு ரேடியோவுல சொல்லிட்டான்னு நெல்லைக் களத்துல தொறந்து போட்டுட்டுக் குறட்டை விட்டவன். ரத்தம் எங்க போகும்?

நான் என்னத்தக் கண்டேன். மாட்டுத்தரகு பாத்துத் தின்ன ஆளு. வாயைத் தொறந்து பல்லைப் பாத்தா மாட்டுக்கு வயசு சொல்லிருவேன். அட்லாண்டிக் கடலுக்கு எங்கிட்டுப் பல்லு இருக்குன்னு அங்க 40 வருசமாத் தேடிக்கிட்டிருக்காங்களாமே, அந்தக் கதையைத்தான் இப்ப உன் தங்கச்சி ராத்திரி ராத்திரியாப் படிச்சுச் சொல்றா. பூகோளம் படிக்கிற புள்ளை. அவ சொன்னதுல எனக்குப் பாதி புரிஞ்சுது. மீதிப் பாதி அவங்களுக்கே இன்னும் புரியலியாம். புரிஞ்ச பாதியை மட்டும் உனக்குச் சொல்றேன், இன்சூரன்ஸை விடுறதா இருந்தா விவரத்தோட விடு.

மொதல்ல அந்தக் கொலராடோக்காரங்க யாருன்னு தெரியுமா உனக்கு? ஃபோர்ட் காலின்ஸ்னு ஒரு ஊரு. ராக்கி மலையடிவாரம், 5,000 அடி உசரம். எந்தக் கடலுக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. அந்த ஊருக்குப் புயல் போகணும்னா கடலே எந்திரிச்சு நடந்து போனாத்தான் உண்டு. அங்க இருக்கிற கொலராடோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு 1961ல வில்லியம் கிரேன்னு ஒருத்தர் வாத்தியாரா வந்தாரு. பத்திரமான எடமாப் பாத்து உக்காந்துக்கிட்டு ஊரான் வீட்டுக் கூரைக்குக் கணக்குப் போட்டாரு மனுசன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் போட்டாரு.

நாளைக்குப் புயல் வருதுன்னு சொல்ற ஆளு அதுக்கு முன்னாடியே இருந்தாங்க. 1875லயே ஹவானாவுல பெனிட்டோ வினியெஸ்ங்கிற பாதிரியார் மேகத்தையும் பாதரசத்தையும் பாத்து எச்சரிக்கை விட்டிருக்காரு. ஆனா சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே, ‘ஜூன்லேருந்து நவம்பர் முடிய மொத்தம் இத்தனை’ன்னு நம்பரைப் போட்டு உடைக்கிறதுக்கு அட்லாண்டிக் பக்கம் யாருக்கும் தைரியம் வரல. கிரே 1984ல சொன்னாரு. அஞ்சு வருசம் முந்தி, 1979லயே, ஆஸ்திரேலியாவுல நெவில் நிக்கோல்ஸ்ங்கிறவர் அவங்க கடலுக்கு இதைச் செய்யலாம்னு காட்டியிருந்தாராம். அமெரிக்காக்காரன் செஞ்சாத்தானே ஊரு ஒலகத்துக்குக் காதுல விழும்.

இப்ப ஒண்ணு சொல்றேன், நாளைக்கு உன் ஆபீசுல போயிப் பீத்திக்கலாம். அந்தக் கணக்குக்கு ஆதி மொதலு நம்ம பக்கத்துப் பட்டினிடா. தாது வருசப் பஞ்சம்னு என் பாட்டி சொல்லுமே, 1876லேருந்து 78 வரைக்கும், அப்ப மெட்ராஸ் ராஜதானியில மட்டும் லட்சக்கணக்குல சனம் செத்துப் போச்சு. மழை பொய்ச்சா வரி எப்படி வசூல் பண்றதுன்னு வெள்ளைக்காரனுக்குக் கவலை. சனத்தைப் பத்தியும் கொஞ்சம் கவலைப்பட்டிருப்பான், நாம பொல்லாப்புப் பேச வேணாம். அடுத்த பருவத்துக்கு மழை எப்படின்னு முன்கூட்டியே சொல்லுங்கடான்னு வானிலைத் துறையை நெருக்குனான். பிளான்ஃபோர்டுனு ஒரு தொரை இமயமலைப் பனியைப் பாத்து 1886ல மொத மொதலா அதிகாரபூர்வமாச் சொன்னாரு. எமயத்துல பனி ஜாஸ்தின்னா மழை கம்மி. பின்னாடி 1899ல நல்லா மழை பெய்யும்னு அடுத்த தொரை சொல்ல, அந்த வருசம் வானம் பொட்டுத் தண்ணி விடல.

அதுக்கப்புறம்தான் 1904ல கில்பர்ட் வாக்கர் வந்தாரு. வானிலை படிச்சவரே இல்ல. கேம்பிரிட்ஜ் கணக்கு வாத்தியார். பூமராங் எறியிறதுலயும் புல்லாங்குழல் எப்படி வேலை செய்யுதுங்கிறதுலயும் பைத்தியம். அவருக்கு வானிலை தெரியாதுங்கிறதுதான் நல்லதாப் போச்சு. காரணம் தேடாம ஒலகத்துல இருக்கிற எல்லா ஊரு காத்தழுத்தத்தையும் மழையையும் வரிசையா எழுதி, எதுக்கும் எதுக்கும் ஒட்டு இருக்குன்னு குமாஸ்தாக்களை வச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தாரு. பசிபிக்ல அழுத்தம் ஏறுனா இந்தியப் பெருங்கடல் பக்கம் எறங்குது, அங்க எறங்குனா இங்க ஏறுது. தென்கோள அலைவுன்னு அதுக்குப் பேரு. நம்ம பருவமழையை அவரால பெருசா முன்கூட்டிச் சொல்ல முடியல. தேடுனது ஆப்புடல, தேடாதது ஆப்புட்டுச்சு. 1969ல பியெர்க்னெஸ்ங்கிறவரு, கலிபோர்னியாவுல உக்காந்து, வாக்கரோட ஏத்த எறக்கமும் பெரு நாட்டு மீனவங்க சொல்ற எல் நினோவும் ஒரே உடம்போட ரெண்டு கைன்னு சொன்னாரு. அதுக்குப் பொறவு கிரே, 1984ல, அதை அட்லாண்டிக் புயலோட முடிச்சுப் போட்டாரு. நம்ம பாட்டன் பூட்டன் பசியில ஆரம்பிச்ச கணக்கு, ஹூஸ்டன்ல நீ இன்சூரன்ஸ் கட்டுறதா வேணாமாங்கிறதுல வந்து நிக்குது.

எல் நினோ வந்தா அங்க புயல் ஏன் கம்மியாகும்னு உனக்குத் தெரியுமா, இல்ல யூடியூப்ல சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறியா? பசிபிக் கடல் கெழக்குப் பக்கம் சூடாகுது. அங்க காத்து மேல கெளம்பி, உசரத்துல மேக்கேருந்து கெழக்காக் கரீபியன் பக்கம் வேகமா வீசுது. கீழ வீசுற காத்தோ கெழக்கேருந்து மேக்க. பானை மேல பானை அடுக்குறப்ப மேல் பானையை ஒருத்தன் இந்தப் பக்கம் நெட்டித் தள்ளினா எப்படி இருக்கும்? புயலும் அப்படித்தான் நேரா நிமுந்து நின்னாத்தான் பொழைக்கும். மேல காத்து இழுத்துச் சாச்சா மழையும் சூடும் ஒரு பக்கம், சுழி ஒரு பக்கம்னு பிச்சுக்கிட்டுப் போயிரும். இதுக்கு நேர் எதிரான லா நினா வருசத்துல இந்த இழுப்பு கம்மி, அது பாட்டுக்கு வளரும். இவ்வளவுதான். இதுல பொய் ஒண்ணும் இல்ல.

எல் நினோவோட விட்டிருந்தா கிரே மொத வருசத்தோட நின்னுருப்பாரு. 20 கிலோமீட்டருக்கு மேல வானத்துல ஒரு காத்து இருக்காம், ஒரு வருசம் சொச்சம் கெழக்க, ஒரு வருசம் சொச்சம் மேக்கன்னு சுமாரா 28 மாசத்துக்கு ஒருக்கா ஒரு சுத்து முடிக்கும். அது மேக்கக்காத்தா இருக்கிற வருசம் புயல் ஜாஸ்தின்னு கண்டுபிடிச்சாரு. பொறவு ஆப்பிரிக்காவுல சகேல்னு ஒரு வறண்ட பட்டை, அங்க மேக்க மழை நல்லாப் பெஞ்சா அட்லாண்டிக்ல பலமான புயல் ஜாஸ்தின்னு அவரும் அவர்கிட்டப் படிச்ச லேண்ட்சீயும் சொன்னாங்க. அந்தப் பக்கத்திலேருந்துதானே புயலுக்கு வித்து மெதந்து வருது. கணக்கு பொருந்துச்சு, எல்லாரும் கைதட்டுனாங்க. 1995க்கு மேல ரெண்டும் வேலை செய்யல. மேல் காத்தும் தாளத்தை விட்டுருச்சு, சகேலும் சொன்ன பேச்சுக் கேக்கல. ரெண்டையும் எடுத்துக் கீழ போட்டுட்டு வேற தேட வேண்டியதாப் போச்சு. வானத்துக்கு நாம போட்ட கணக்கு தெரியாதுல்ல, அது பாட்டுக்கு நடந்துக்கிச்சு.

1992க்கு வா. அந்த வருசம் கிரே கம்மிதான்னு சொன்னாரு. கம்மிதான் வந்துச்சு. ஜூன், ஜூலை, பாதி ஆகஸ்ட் வரைக்கும் பேர் வைக்கிற அளவுக்கு ஒரு புயல் கூட இல்ல. சனம் கடற்கரையில மல்லாந்து கெடந்தது. ஆகஸ்ட் மாசம் நடுவாக்குல மொத புயல் கெளம்புச்சு. அவங்க வழக்கப்படி மொத எழுத்துல பேரு, ஆண்ட்ரூ. ஆகஸ்ட் 24ம் தேதி விடியக்காலை மயாமிக்குத் தெக்க ஹோம்ஸ்டெட்னு ஊரு, அங்க மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல காத்து. அந்த ஜில்லாவுல 25,000க்கு மேல வீடு தரைமட்டம். பதினோரு இன்சூரன்ஸ் கம்பெனி திவால். சீசன் முடிஞ்சு எண்ணிப் பாத்தா கணக்கு பலிச்சிருக்கு. எண்ணிக்கை சரிதான் பேராண்டி, கூரை எங்க?

அந்தக் கூரை ஏன் போச்சுங்கிறதையும் கேளு, இது உனக்கு ஒதவும். பொறவு போயிப் பாத்த எஞ்சினீயருங்க சொன்னதா உன் தங்கச்சி படிச்சா. கூரையில ஓட்டுக்குக் கீழ பிளைவுட் பலகை போடுவாங்களாம். அதை உத்தரக் கட்டையில ஆணி வச்சு அடிக்காம, அவசரத்துல ஸ்டேப்ளர் துப்பாக்கியால டப்பு டப்புன்னு சுட்டிருக்கான். அதுலயும் பாதி முள்ளு கட்டையில எறங்கவே இல்ல, பக்கத்துல வெறும் காத்துல துருத்திக்கிட்டு நிக்குது. மேலேருந்து பாத்தா எல்லாம் வரிசையா அழகா இருக்கும். நீ மூணு லட்சம் டாலருக்கு வாங்குன வீட்டுல பரண் மேல என்னைக்காவது ஏறியிருக்கியா? ஒரு டார்ச்சை எடுத்துக்கிட்டு ஏறிப் பாரு. ஆணி கட்டையைக் கடிச்சிருக்கா, இல்ல பக்கத்துல துருத்திக்கிட்டு நிக்குதா, கட்டையும் சுவரும் சேர்ற எடத்துல இரும்புப் பட்டை போட்டிருக்கானா. இதுக்கு எந்த யுனிவர்சிட்டி ஜோசியமும் வேணாம்.

இதுக்கு நேர் எதிரா 2010ஐப் பாரு. பேர் வச்ச புயல் 19, அதுல ஹரிக்கேன் 12. மணிக்கு 119 கிலோமீட்டர் தொட்டாத்தான் ஹரிக்கேன்னு பேரு குடுப்பாங்க, உனக்குத் தெரியும். அந்தப் பன்னெண்டுல ஒண்ணு கூட ஹரிக்கேனா அமெரிக்கக் கரையை மிதிக்கல. மெக்சிகோவுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் போச்சு, அவன் பாவம் வேற கதை. உங்க ஊரையே எடுத்துக்க. 1983ல மொத்த அட்லாண்டிக்குலயும் பேர் வச்ச புயல் நாலே நாலு. அந்த நாலுல ஒண்ணு, அலிசியா, நேரா கால்வெஸ்டன்ல ஏறி ஹூஸ்டன் டவுன்டவுன் மாடிக் கண்ணாடியை எல்லாம் தெருவுல கொட்டிட்டுப் போச்சு. அமைதியான வருசம்னு அந்தக் கண்ணாடிக்கு யாரும் சொல்லலபோல.

கிரேகிட்ட எனக்குப் புடிச்சது ஒண்ணு உண்டு. அந்த ஆளு நவம்பர் மாசம் ஆனா தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்தி ஊருக்குக் காட்டுவாரு. சொன்னது இவ்வளவு, வந்தது இவ்வளவு, தப்பு எங்கன்னு அச்சுப் போட்டுக் குடுத்துருவாரு. 2004 டிசம்பர்ல சொன்னாரு, வர்ற 2005ல 11 புயல்னு. வந்தது 28. எழுத்து தீந்து போயி கிரேக்க எழுத்துலேருந்து ஆல்ஃபா, பீட்டான்னு பேர் வச்சு, ஜீட்டா வரைக்கும் போயி, அந்த ஜீட்டா புது வருசம் பொறந்தும் சாகாம கடல்ல சுத்திக்கிட்டிருந்துச்சு. கத்ரீனா வந்து நியூ ஆர்லியன்ஸை முழுக்குனது அந்த வருசம்தான். சரி, வாங்குன அடிக்கு அடுத்த வருசம் கையை ஓங்குவோம்னு 2006க்கு 17னு சொன்னாங்க. வந்தது பத்து. அந்த அறிக்கையிலேருந்து கிரே பின்னால உக்காந்துக்கிட்டு, அவர்கிட்டப் படிச்ச ஃபில் கிளாட்ஸ்பாக் பேரை முன்னால போட்டாரு. நல்ல நேரம் பாத்துச் சாவியைக் குடுத்திருக்காரு பாரு பெரியவரு.

நம்ம ஊருல மார்கழியில கர்ப்போட்டம் பாப்போமே, மேகம் கர்ப்பம் தரிக்குதா, அடுத்த வருச மழை எப்படின்னு. அவங்களும் ஏறக்குறைய மார்கழியிலதான், 1991லேருந்து டிசம்பர் டிசம்பருக்கு அடுத்த சீசனுக்கு நம்பர் சொல்லிக்கிட்டிருந்தாங்க. இருவது வருசம் பாத்துட்டு 2011ல கிரேயும் கிளாட்ஸ்பாக்கும், ஐயா, இந்த டிசம்பர் நம்பருல ஒரு துளி திறமையும் தெரியல, சராசரியைச் சொல்லியிருந்தாலும் இதே லட்சணம்தான், அதனால எண்ணைச் சொல்றதை நிப்பாட்டிக்கிறோம்னு எழுதிட்டாங்க. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சுடா. நம்ம பஞ்சாங்கம் இத்தனை மரக்கால் மழைன்னு எத்தனை தலைமுறையாச் சொல்லுது, என்னைக்காவது பங்குனியில கணக்கு முடிச்சு, ‘போன வருசம் சொன்னதுல பாதி போச்சு’ன்னு கடைசிப் பக்கத்துல போட்டிருக்கா?

அவரையும் முழுசாத் தூக்கி வைக்க மாட்டேன். கடல் சூடானா புயல் பெருக்கும்னு ஊருக்குப் பாடம் எடுத்தவரு, மனுசன் கரியையும் எண்ணெயையும் கொளுத்தித்தான் பூமி சூடாகுதுன்னு மத்த விஞ்ஞானிங்க சொன்னப்ப கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. 2016ல சாகுற வரைக்கும் மல்லுக்கட்டுனாரு. பெரிய மனுசங்களுக்கு ஒரு எடத்துல சாணை மழுங்கியிருக்கும்போல. எனக்கும் உண்டு, உங்க பாட்டி சொல்லுவா.

அமெரிக்க அரசாங்கம் 1998ல இந்தப் பந்தியில வந்து உக்காந்துச்சு. அரசாங்கம் இல்லியா, ஒரே எண்ணைச் சொல்லி மாட்டிக்குமா? 13லேருந்து 20 வரைக்கும், அதுவும் நூத்துக்கு 70 பங்குதான் உறுதின்னு சொல்லும். 2013ல சொன்னது அதுதான். கொலராடோக்காரங்க 18, அதுல 9 ஹரிக்கேன்னாங்க. லண்டன்ல கணக்குப் போடுறவங்களும் ஜாஸ்திதான்னு சொன்னாங்க. ஒட்டுமொத்தமா எல்லாரும் ஒரே பக்கம் தலையாட்டுன வருசம். வந்தது 14, அதுல ஹரிக்கேன் ரெண்டே ரெண்டு, பெருசு ஒண்ணு கூட இல்ல. சகாராவுலேருந்து வந்த வறட்டுக் காத்து புயலுக்குத் தொண்டையைக் காய வச்சிருச்சுன்னு பொறவு சொன்னாங்க. எல்லாரும் ஒரே மாதிரி தலையாட்டுனா நான் மாட்டை இன்னொரு தடவை சுத்தி வந்து பாப்பேன்.

இப்ப உன் வீட்டுக்கு வருவோம். 2017 ஏப்ரல்ல இதே கொலராடோக்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? எல் நினோ வரும்போல இருக்கு, புயல் 11, ஹரிக்கேன் 4, சராசரிக்குக் கொஞ்சம் கம்மி. நீ எனக்குச் சொன்ன அதே வசனம். எல் நினோ வரவே இல்ல. ஆகஸ்ட்டுக்குள்ள அவங்களே நம்பரை ஏத்திட்டாங்க, ஆனா ஏப்ரல்ல படிச்சவன் ஆகஸ்ட்ல படிக்கல. வந்தது 17, ஹரிக்கேன் 10. ஹார்வி ஆகஸ்ட் 25ம் தேதி கரை ஏறி, போகாம உங்க ஊரு மேலயே உக்காந்துக்கிச்சு. டெக்சஸ்ல ஒரு எடத்துல 1,500 மில்லிமீட்டருக்கு மேல பெஞ்சுதாம். நம்ம வேதாரண்யத்துல ஒரு வருசத்துக்கும் சேத்துப் பெய்யிறதை விட ஜாஸ்தி, நாலஞ்சு நாள்ல. தண்ணி பூந்த வீட்டுல பெரும்பாலானதுக்கு வெள்ள இன்சூரன்ஸ் இல்ல. வீட்டு இன்சூரன்ஸ் இருந்துச்சு, அது கூரை போனாக் குடுக்கும், கீழேருந்து தண்ணி வந்தா ‘அது எங்க கணக்குல இல்ல’ங்கும்.

நீ வாங்கியிருக்கிறது கேட்டி பக்கம்னு சொன்னே. உன் தங்கச்சி வரைபடத்தைப் பாத்துட்டு என்கிட்ட ஒண்ணு காட்டுனா. ஆடிக்ஸ், பார்க்கர்னு ரெண்டு அணை. 1929லயும் 35லயும் வந்த வெள்ளத்தைப் பாத்துட்டு ராணுவ எஞ்சினீயருங்க 1940கள்ல கட்டுனது. மழை வந்தாத் தண்ணியைப் புடிச்சு வைக்கும், மழை இல்லேன்னா வெறும் புல்வெளி. அந்தப் புல்வெளி ஓரத்துல, தண்ணி நெறஞ்சா நிக்க வேண்டிய எடத்துல, ஆயிரக்கணக்குல வீடு கட்டி வித்துட்டான். ஏரி உள்வாயில பிளாட்டுப் போட்டு விக்கிறது மெட்ராஸ்ல மட்டும்தான்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். அங்கயும் நம்ம ஆளுங்கதான்டா, கோட்டு மட்டும் மாட்டியிருக்கான். 2017ல அந்த ஏரி நெறைஞ்சுது. ‘இது ஏரின்னே எங்களுக்குத் தெரியாது’ன்னு வீட்டுக்காரன் அழுதான். உன் வீட்டுப் பத்திரத்துல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சியா? புயல் பதினொண்ணா பதினேழான்னு கேக்குறதை விட, என் வாசல் கரைக்கு உள்ளயா வெளியயான்னு கேக்குறது உனக்கு நல்லது.

அந்தக் கொலராடோ அறிக்கையில உனக்கு ஒதவுற எண்ணும் ஒண்ணு இருக்கு, நீதான் அதுவரைக்கும் படிக்கல. 1880லேருந்து 2020 வரைக்கும் எண்ணிப் பாத்து, ஒரு வருசத்துல பெரிய ஹரிக்கேன் ஒண்ணாவது அமெரிக்கக் கரையில எங்கயாவது ஏற நூத்துக்கு 43 பங்கு வாய்ப்புன்னு வச்சிருக்காங்க. புயல் ஜாஸ்தின்னு கணிக்கிற வருசத்துல அது ஏறும். 2024க்கு 62னு போட்டாங்க. கம்மின்னு கணிக்கிற வருசத்துல எறங்கும். எறங்கும்னா, பூச்சியம் ஆகாது. எல் நினோவைக் காட்டி நீ கணக்கை முடிக்கிறது அந்த எறக்கத்தை வச்சுத்தான்.

2024ஐச் சொல்லாம விட்டா அவங்களுக்கு நான் துரோகம் பண்ணுன மாதிரி ஆயிரும். ஏப்ரல்ல 23 புயல், 11 ஹரிக்கேன், அதுல பெருசு 5ன்னாங்க. ஜூலை தொடக்கத்துலயே பெரில் வந்து, அவ்வளவு சீக்கிரம் உச்சமான அஞ்சாம் வகையை எட்டுன புயல் அட்லாண்டிக்ல இதுக்கு முன்னாடி கிடையாதுன்னு பேர் வாங்கிட்டு, பொறவு உங்க ஊரு மேலயே ஏறுச்சு. நாளுக்கணக்கா கரண்டு இல்லாம வெந்துக்கிட்டு நீ என்கிட்ட அழுதது நெனப்பிருக்கா? பெறகு ஆகஸ்ட் கடைசியிலேருந்து கடல் கப்சிப். சீசன் உச்சத்தை நெருங்கி, செப்டம்பர் மொத வாரம் ஆகியும் சத்தமில்ல. இன்டர்நெட்டுல ஊரு பூரா அந்தக் கொலராடோ வாத்தியாருங்களை வறுத்து எடுத்துருச்சு. அவங்களும் ஏன் அமைதியா இருக்குன்னு ஒரு நீளமான விளக்கம் எழுத வேண்டியதாப் போச்சு. செப்டம்பர் கடைசியில ஹெலீன், அக்டோபர்ல மில்டன். ஹெலீன் கடலோரத்தோட நிக்காம, கடலுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி ஆஷ்வில்னு ஒரு மலைப்பட்டணம், புயலுக்குப் பயந்தவங்க ஓடிப் போயிப் பொழைக்கலாம்னு நெனைச்ச ஊரு, அதையே ஆத்து வெள்ளத்துல அடிச்சிருச்சு. மொத்தத்துல எறநூறு பேருக்கு மேல செத்தாங்க. வருசக் கடைசியில எண்ணிப் பாத்தா 18 புயல், 11 ஹரிக்கேன், பெருசு 5. கடைசி ரெண்டு எண்ணும் அச்சா அப்படியே. செப்டம்பர் மொத வாரத்துல சிரிச்சவன் ஒருத்தன் கூட நவம்பர்ல வந்து மன்னிப்புக் கேக்கல.

அதனால, நீ அவங்களை நம்புறதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். பெர்முடாவுலயும் லண்டன்லயும் உக்காந்திருக்கிற பெரிய இன்சூரன்ஸ்காரனுக்கு அந்த எண்ணு உபயோகம், அவனுக்கு ஆயிரம் கடற்கரையில லட்சம் வீடு இருக்கு. உனக்கு ஒரு வீடு, ஒரு பரண், ஒரு வாசல், அந்த வாசல்ல ஒரு ஏரி. இன்னொண்ணு. அந்த அரசாங்க வெள்ள இன்சூரன்ஸ் இன்னைக்குப் பணம் கட்டுனா இன்னைக்கே செல்லாதாம், முப்பது நாள் காக்கணுமாம். டீவியில புயல் வழியைச் சிவப்புக் கோட்டுல காட்டுறப்ப நீ லேப்டாப்பைத் தொறந்தா, அதைப் பாத்து அந்தக் கம்ப்யூட்டரே சிரிக்கும். உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அது உன்னை விடக் கணக்குப்புள்ளை. ரசீதை உன் தங்கச்சி போனுக்கு அனுப்பு.

பெறகு நவம்பர் கடைசியில அந்தக் கொலராடோக்காரங்க சொன்னது இவ்வளவு, வந்தது இவ்வளவுன்னு ஒரு தாள் போடுவாங்களே, அதையும் அச்சடிச்சு அனுப்பு. தமிழ்ல வேணாம், இங்கிலீசுலயே இருக்கட்டும். வர்ற சித்திரையில புதுப் பஞ்சாங்கம் படிக்க வாத்தியாரு கோயிலுக்கு வருவாரு. மரக்கால் கணக்கை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, போன வருசக் கணக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, இந்தத் தாளை அவரு கையில குடுக்கலாம்னு இருக்கேன்.